துளி உட்காரும் கோணம்

காலாப்பட்டில் நவம்பர்.
சன்னலுக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில்
சென்னைப் பேருந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது.
உள்ளே ஈரப்பதமானி எண்பத்தாறு காட்டுகிறது.
உலர்பெட்டியின் சிலிக்கா மணிகள்
நீலம் தொலைத்து ரோஸ் நிறமாகிவிட்டன.
மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

என் படலத்தின் தடிமன் இருநூறு நானோமீட்டர்.
ஒரு தலைமுடியை நானூறாகச் சீவினால்
அதில் ஒரு சீவல்.
பார்க்கக் கண்ணாடி, உள்ளே பொரி.
கால்வாசி ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் விலை:
இரண்டு செம்புத் தடங்கள் ஒட்டி ஓடும்போது
ஒன்று முணுமுணுப்பது மற்றதற்குக் கேட்கக் கூடாது.
நடுவே ஒரு சுவர் வேண்டும்.
கூடுமானவரை இல்லாத சுவர்.
அதன் ஒவ்வொரு துளைக்குள்ளும்
மெத்தில் மயிர்க்கால்கள் விறைத்து நிற்கும்,
தண்ணீரே, இங்கே வராதே என்று.

இரண்டு மைக்ரோலிட்டர் சொட்டினேன்.
சேம்பு இலை மேல் நிற்பதுபோல்
உருண்டு நின்றது.
தொண்ணூற்றெட்டு பாகை.

அப்புறம் பிளாஸ்மா.
கலியபெருமாள் பம்பைப் போட்டார்,
அது இருமி, சமாளித்து, இறங்கியது.
ஆக்சிஜன்.
வட்டச் சன்னலில் வெளிறிய ஒரு நீலம்,
நாற்பது நொடி.
மேலே இருந்த பிசினை எரிக்கத்தான் அனுப்பினேன்.
எரித்தது.
நில் என்று சொல்ல அங்கே யாருமில்லை,
துளைவழியே இறங்கி
மயிர்க்கால்களையும் மழித்துவிட்டது.

மறுபடி ஒரு துளி.
அது உட்காரவில்லை, படுத்துக்கொண்டது.
எட்டு பாகை.

பெங்களூர்க் கம்பெனியின் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்:
மின்காப்பு மாறிலி,
வெளியே எடுத்த பத்து நிமிடத்துக்குள்.
முன்பு இரண்டு புள்ளி நாலு.
பத்து நிமிடத்தில் இரண்டு புள்ளி ஏழு, பரவாயில்லை.
மூன்று நாள் இந்த ஊர்க் காற்றில் வைத்தேன்.
மூன்று புள்ளி ஒன்பது.
வங்காள விரிகுடாவைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடித்திருக்கிறது
நான் தூங்கிய நேரமெல்லாம்.

"சூடு பண்ணி அளந்துடேன்," என்றாள் மர்செலின்,
"தண்ணி போயிடும், நம்பர் இறங்கிடும்."
இறங்கியது. மூன்று புள்ளி ஒன்று.
திரும்ப ஏற ஒரு ராத்திரி போதுமாயிருந்தது.
மழித்த இடம் மழித்த இடம்தான்.

கலியபெருமாள் துடைக்கும் துணியை உதறியபடி கேட்டார்:
"கடிச்சது காத்தா, வெளிச்சமா மேடம்?"

எனக்குத் தெரியவில்லை.
இத்தனை மாதம் அந்த நீலத்தை
நெருப்பின் நிறம் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிய துண்டு. அதன் பாதியை மூடி
மெக்னீசியம் ஃபுளோரைடு தகடு ஒன்றை
ஓரம் ஒட்டி நிறுத்தினேன்.
அயனி நுழையாது, வாயு நுழையாது,
கண்ணுக்கு அகப்படாத ஒளி மட்டும் நுழையும்.
நாற்பது நொடி.
திறந்த பாதியில் எட்டு, எதிர்பார்த்ததுதான்.
தகட்டின் அடியில் துளி
பாதி உட்கார்ந்து பாதி சரிந்தது.
அறுபத்தொன்று.

ஆக, ஒன்றும் தொடாமலே.
வெறுமனே அதன்மேல் விழுந்தே
பிணைப்பை அறுத்திருக்கிறது.
அறுந்த முனையை வந்து பிடித்துக்கொண்டது
கதவைத் திறந்ததும் நுழைந்த ஈரம்.

"ரெண்டும்தான்," என்றேன்.
அவர் தலையாட்டிவிட்டு
எண்ணெய் அளவு பார்க்கப் போனார்.

கட்டம் சிறியது. பேனாவைச் சாய்த்து
பொடி எழுத்தில் எழுதினேன்:
2.7, பத்து நிமிடம். 3.9, மூன்று நாள், காலாப்பட்டு.
ஊர் பெயரை அடித்துவிடச் சொல்வார்கள்.
சொல்லட்டும்.

கரண்ட் போனது. பம்ப் மெல்ல ஓய்ந்தது.
செல்போன் வெளிச்சத்தில், சும்மா,
சில்லின் விளிம்பில் ஒரு துளி வைத்தேன்,
கவ்வி பிடித்திருந்த இடம்,
ஒன்றரை மில்லிமீட்டர் அகலம்,
காற்றும் ஒளியும் போகாத நிழல்.

உருண்டு நிற்கிறது.
அளக்கக் கருவிக்கு மின்சாரம் இல்லை.
குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.